மேற்கே காற்று நல்லா இருக்கும்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். ஜன்னல் ஓரம் எனக்கு வேணும், தப்பா நெனைக்காதீங்க. எனக்குக் காத்து வரணும். நீங்க டவுனுக்கா? ரொம்ப நல்லதாப் போச்சு. நானும் டவுனுக்குத்தான். இந்தா பாருங்க டிக்கெட்டு, சேர்மாதேவி டு டவுன். அந்தக் கண்டக்டர் பய இருக்கானே, "என்ன பெரியவரே, இன்னைக்காவது டவுன் வரைக்கும் வாறீங்களா"ன்னு கேட்டு இளிக்கான். அவனுக்கு வேற வேலை இல்ல. காசு வாங்கினோமா, கிழிச்சோமான்னு இருக்க மாட்டான்.

மக வீட்டுக்குப் போறேன். மேல ரத வீதி. மாப்பிள்ளைக்கு அங்க பாத்திரக் கடை, மேல மாடியில வீடு. இன்னைக்கு வடிவுக்கு வளைகாப்பு. வடிவுன்னா என் மக, எங்கம்மா பேரு. பையில என்ன இருக்குன்னு பாக்கீங்களோ? கண்ணாடி வளையல். அதுக்கு மேல ஈரத்துணியில வேப்பங்கொழுந்து. மொதக் காப்பு வேப்பிலையில தானே போடணும்? அதான் எங்க வீட்டு மரத்துலயே ஒடிச்சேன். அவ ஒண்ணும் கேக்கல. "யப்பா, நீங்க வந்தாப் போதும், ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்"னா. போன்லதான். ரெண்டு வருசம் கழிச்சு அவ கொரலைக் கேக்குதேன் தம்பி. நீங்க வரணும்பா, நீங்க கட்டாயம் வரணும்பான்னு திருப்பித் திருப்பிச் சொன்னா. நான் வாறேன்னு சொல்லிட்டேன். வராம பொறவு?

ரெண்டு வருசம் ஏன் பேசலன்னு கேக்கீங்க. கேட்டா நான் அனவரதம் சார்ல இருந்துல்லா ஆரம்பிக்கணும். எல்லாத்துக்கும் அந்த மனுசன்தான் காரணம்.

டாக்டர் அனவரதம். பேப்பர்ல பாத்திருப்பீங்க. ஒல்லியா, தோள்ல ஒரு துணிப்பையோட, ஊர் ஊராப் போயி அணுகுண்டு வேண்டாம், இருக்குறதையும் ஒழிக்கணும்னு பேசுவாரே, அவரேதான். போன மாசியில தவறிட்டாரு. குண்டு செஞ்ச கையாலேயே குண்டு வேண்டாம்னு எழுதினவர்னு பேப்பர்க்காரன் எல்லாம் பக்கம் பக்கமாப் போட்டான். நான் படிச்சேன். ஒருத்தனும் என் பேரைப் போடல. போட மாட்டான். அவரே சொல்லலையே, அவன் எப்படிப் போடுவான்?

நான் அவருக்குக் கீழ வேலை பாத்தேன். எந்த ஆபீஸுன்னு கேக்காதீங்க, சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். வடக்க. அவ்வளவு போதும். குண்டுக்குள்ள என்ன நடக்கும்ங்கிறது அவரு கணக்கு. குண்டுக்கு வெளிய என்ன நடக்கும்ங்கிறது என் கணக்கு. விழுந்தா எது வரைக்கும் எரியும், எது வரைக்கும் இடியும், எத்தனை பேரு. அதுக்கு ஒரு ப்ரோக்ராம் வேணும்லா? அதை நான் எழுதினேன். தனியா எழுதினேன் தம்பி. இன்னைக்கு வரைக்கும் அதுல ஒரு பிழை கண்டுபிடிச்சவன் கிடையாது.

அங்க ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு ஊர் பேரு ஒண்ணும் மெஷின்ல ஏறக் கூடாது. ஏறினா நாளைக்கு வம்பு. ஆனா ப்ரோக்ராம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்க ஏதாவது ஒரு ஊர் வேணும். அதனால அவனவன் சொந்த ஊரைப் போட்டுக்கிடுவான். வங்காளத்துக்காரன் அவன் ஊரு, நாக்பூர்க்காரன் அவன் ஊரு. அதுல ஒரு வசதி இருக்கு. தெரிஞ்ச ஊருன்னா தப்பு வந்தா உடனே புடிச்சிரலாம். ஆத்துக்கு நடுவுல நூறு வீடுன்னு வந்தா, எங்கேயோ கோட்டை விட்டுருக்கோம்னு புரிஞ்சிரும்லா? முன்ன பின்ன பாக்காத ஊருல அது எப்படித் தெரியும்? புத்தியுள்ள வழக்கம்தான். இதுல ஒரு குத்தமும் கிடையாது.

அந்த வருசம் வெயில் காலம். பாலைவனத்துல வெடிச்சுப் பாக்கப் போறாங்கன்னு எங்களுக்கு அரசல் புரசலாத் தெரியும். அதுக்கு முன்னால என் ப்ரோக்ராமைச் சரி பாத்துக் கையெழுத்துப் போடணும்னு சார் வந்தாரு. அவரும் நம்ம ஊருதான், வடக்கு ரத வீதி. அங்க போயி இத்தனை வருசம் ஆச்சு, எங்கிட்ட மட்டும் நம்ம பேச்சுதான் பேசுவாரு. "என்னவே மந்திரம், எந்த ஊரைப் போடப் போறீரு"ன்னாரு. என் பேரு மந்திரமூர்த்தி. நீங்க சொல்லுங்க சார்னேன். "நம்ம ஊரையே போடும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஊரு, சீக்கிரம் முடிஞ்சிரும்"னாரு.

அவருதான் சொன்னாரு. அதைக் குறிச்சு வச்சுக்கிடுங்க. நான் சொல்லல.

மையம் எங்க வைக்கன்னு கேட்டேன். யோசிச்சாரு. நானே சொன்னேன், கோயில்ல வச்சுருவோம் சார், சுத்தி நாலு ரத வீதியும் சதுரமா இருக்கு, கையால சரி பாக்க லேசா இருக்கும்னு. சரின்னுட்டாரு. அன்னைக்கு மத்தியானம் எவ்வளவு சந்தோசமா வேலை பாத்தோம்ங்கீங்க. வரைபடத்தை விரிச்சு வச்சுக்கிட்டு, இங்கன வயக்காடு, ஆள் கிடையாது, இங்கன குறுக்குத்துறை, இங்கன நான் படிச்ச பள்ளிக்கூடம்னு அவரு விரலை வச்சுக்கிட்டே போறாரு. நான் எண்ணைத் தட்டிக்கிட்டே வாறேன். ஊரைப் பத்திப் பேச அங்க வேற ஆள் யாரு இருக்கா எங்களுக்கு? ரெண்டு பேரும் சிரிச்சோம். வடக்கு ரத வீதி வந்தப்போ, "எங்கம்மா மாடியில வடாம் காயப் போட்டுக்கிட்டு இருப்பா, அவளையும் சேத்துக்கிடும்"னாரு. அதுக்கும் சிரிச்சோம்.

ஓட்டினோம். மூணு வட்டம் வந்துச்சு. மொத வட்டத்துல கேள்வியே கிடையாது. ரெண்டாவதுல வீடு நிக்காது. அது இந்தப் பக்கம் பேட்டை, அந்தப் பக்கம் பாளை வரைக்கும் போகும். மூணாவதுல வீடு நிக்கும், ஆனா வெளிய நிக்கிறவன் வெந்து போவான். அந்த மூணாவது வட்டம் நம்ம ரோட்டுல எங்கன வரும் தெரியுமா? சுத்தமல்லிக்கு ரோடு பிரியுற விலக்குல ஒரு ரைஸ் மில்லு இருக்குல்லா, அதன் வாசல்ல. அவ்வளவு துல்லியம். அதைத் தாண்டிட்டா ஒண்ணும் பயம் இல்ல. ஜன்னல் கண்ணாடி உடையும், அம்புட்டுத்தான்.

எத்தனை பேருங்கிற எண்ணும் வந்துச்சு. அதை வாயால சொல்லக் கூடாது.

சார் தாளைக் கையில எடுத்துப் பாத்தாரு. பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டாரு. "வயித்துல இருக்குறதை எப்படிவே சேத்தீரு?" சேர்க்கல சார், சென்ஸஸ்ல அது கிடையாதேன்னேன். உண்மையைத்தானே சொல்லணும்? தாளைத் திருப்பி வச்சுட்டு, "ஆனித் தேர் அன்னைக்கு ரத வீதியில எவ்வளவு சனம் இருக்கும்"னாரு. அது இருக்கும் சார், சுத்துப்பட்டு ஊர் பூரா வந்துருமேன்னேன். "அப்ப இது தப்பான எண்ணுல்லா? தேர் அன்னைக்குப் போட்டு ஓட்டும்." மெனக்கெட்டு ஒவ்வொரு வீதிக்கும், இங்க இவ்வளவு, வடத்துக்குப் பின்னால இவ்வளவு, மாடியில நின்னு பாக்குறவங்க இவ்வளவுன்னு அவரு சொல்லச் சொல்ல நான் போட்டேன். ரெண்டாவது தடவை ஓட்டினோம்.

அந்தத் தாளைப் பாத்துக்கிட்டு இருந்தாரு, இருந்தாரு, காப்பி ஆறிப் போச்சு. ஏதோ தப்பு கண்டுபிடிச்சிட்டாரு போலன்னு எனக்குப் பயம். "ப்ரோக்ராம் சரியா இருக்கா சார்"னு கேட்டேன். "சரியாத்தான் இருக்குவே. ஒரு தப்பும் இல்ல"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. என் சர்வீஸ்லயே அந்த மனுசன் என்னைப் பாராட்டினது அது ஒண்ணுதான்.

இப்ப எந்த ஊரு வருது? நடுக்கல்லூரா? இல்லையா, இன்னும் வரலையா. வந்தா சொல்லுங்க.

பொறவு பாலைவனத்துல வெடிச்சாங்க. உங்களுக்குத் தெரியும்லா, நாடே லட்டு குடுத்துச்சு. எங்க காம்பவுண்டுல பட்டாசு. எங்க வீட்டம்மாகிட்ட அன்னைக்குத்தான் நான் என்ன வேலை பாக்கேன்னே சொன்னேன். அவ சாமி படத்துக்கு முன்னால போயி நின்னா. சாரும் பாலைவனத்துக்குப் போயிருந்தாரு. திரும்பி வந்ததும் லீவு போட்டுட்டு ஊருக்குப் போனாரு, அந்த ஆனித் தேருக்கு. போனவர் வேலையை விடுதேன்னு எழுதி அனுப்பிட்டாரு.

வீடு காலி பண்ண வந்தப்போ கேட்டேன், ஏன் சார்னு. "வடம் பிடிச்சேன் மந்திரம். சின்னப் பிள்ளையில இருந்து பிடிக்கேன். இந்தத் தடவை சனத்தைப் பாத்தா எனக்கு மொகம் தெரியல. எண்ணுதான் தெரியுது. பக்கத்துல ஒரு வாயும் வயிறுமான பொம்பளை நிக்கா, அவளை ஒண்ணுன்னு எண்ணுதேன்வே"ன்னாரு. எனக்குச் சிரிப்பாணி வந்துருச்சு. அவ்வளவு பெரிய படிப்பு படிச்ச மனுசன், சும்மா சரி பாக்க ஓட்டின ஒரு கணக்கை நெசம்னு நெனைச்சிட்டாரு பாருங்க. சோதனை ஓட்டம் சார் அது, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னேன். "அதான்வே, இன்னும் ஆகல"ன்னாரு. அதுக்கு மேல அவருகிட்ட என்ன பேச?

அன்னைக்கு ஆரம்பிச்சது. பள்ளிக்கூடம், காலேஜ், கட்சிக் கூட்டம், வெளிநாடு. எங்க போனாலும் என் வட்டத்தைத்தான் போட்டாரு தம்பி. எந்த ஊருக்குப் போறாரோ அந்த ஊர் மேல போட்டுக் காட்டினாரு. ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து விசாரிச்சாங்க, இது எங்க உள்ளது, யாரு எழுதினதுன்னு. அவரு என்ன சொல்லணும்? மந்திரமூர்த்தி எழுதினது, திறமைக்காரன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்லா? "இது பாடப் புத்தகத்துல இருக்குற சூத்திரம், நானே கையால போட்டேன், யாருக்கும் சம்பந்தம் இல்ல"ன்னுட்டாரு. நாலு தடவை கூப்பிட்டு விசாரிச்சிருக்கான், நாலு தடவையும் இதே பதில். பென்சனையே நிறுத்திருவோம்னு மிரட்டினாங்களாம், அப்பவும் என் பேரைச் சொல்லல. எவ்வளவு கல்நெஞ்சு பாருங்க. நான் பாட்டுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லாம சர்வீஸை முடிச்சு, மாலை போட்டு அனுப்பிட்டாங்க. என் பேரு ஒரு இடத்துல வரல.

ஊருக்கு வந்து பாளையில வாடகைக்கு இருந்தோம். அப்ப டவுன்ல ஒரு பள்ளிக்கூட மைதானத்துல அவருக்குக் கூட்டம். போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். வடிவு அப்ப காலேஜ், அவதான் இழுத்துட்டுப் போனா. என்ன செஞ்சாருங்கீங்க? கயித்தைப் பிடிச்சுக் கோலப்பொடியால தரையில மூணு வட்டம் போட்டாரு. கயித்துல அளந்தா சரியா வருமா? பேட்டையை உள்ள தள்ளிட்டாரு, எனக்குப் பாக்கப் பாக்க எரிச்சல். போட்டுட்டு, "உங்க வீடு எங்கன இருக்கோ அங்கன போயி நில்லுங்க"ன்னாரு. சனம் சிரிச்சுக்கிட்டே போயி நின்னுச்சு. "மொத வட்டத்துல உள்ளவங்க உக்காருங்க"ன்னாரு. உக்காந்தாங்க. "ரெண்டாவது வட்டம்." அவங்களும் உக்காந்தாங்க. பொறவு மூணாவது. மைதானம் பூரா உக்காந்திருக்கு தம்பி. கோலப்பொடிக்கு வெளிய நான் ஒருத்தன் நின்னுக்கிட்டு இருக்கேன்.

வடிவு எங்கன இருந்தான்னு நெனைக்கீங்க? எங்க வீடு பாளை, அவ ரெண்டாவது வட்டத்துலல்லா நிக்கணும்? கோயில்கிட்ட கூட்டாளிப் பிள்ளைகளோட போயி நடுவுல உக்காந்துட்டா. "ஏட்டி, வெளிய வா"ன்னு கூப்பிட்டேன். சத்தமாக் கூப்பிட்டுட்டேன் போல, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சாரும் பாத்தாரு. அவ வரல. சிரிச்சுக்கிட்டே கையாட்டினா.

அதுக்கு அடுத்த மாசம்தான் நான் இடம் வாங்கினது. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சொல்லும்போது வந்துச்சு. புரோக்கர் கெழக்க தூத்துக்குடி ரோட்டுல நல்ல மனை காட்டினான். பஸ்ஸு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. எனக்கு அந்தப் பக்கம் காத்து பிடிக்கல. நம்ம ஊருல காத்து எப்பவும் மேக்க இருந்து கெழக்கதான அடிக்கும்? டவுன்ல கெளம்புற தூசி பூரா அந்தப் பக்கம்தான் போய் விழும். மேக்க வேணும்னுட்டேன். சேர்மாதேவிக்கும் அங்குட்டு, மலையடிவாரத்துல. பக்கத்துல ஒரு வீடு கிடையாது, காத்து அவ்வளவு சுத்தம். எங்க வீட்டம்மா அழுதா, இந்தக் காட்டுல யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கன்னு. காத்து நல்லா இருக்கும்ட்டின்னு சொல்லிக் கட்டிட்டேன்.

வடிவுக்கு மாப்பிள்ளை பாத்தப்பவும் நான் மேக்கதான் பாத்தேன். அம்பாசமுத்திரத்துல ஒரு வாத்தியார் மாப்பிள்ளை, தங்கமான பையன். அவ, கூடப் படிச்ச பையனைத்தான் கட்டுவேன்னுட்டா. வீடு எங்கன்னு கேட்டேன். மேல ரத வீதின்னா. சொல்லுங்க, ஊருல வேற தெருவே இல்லையா?

நடுக்கல்லூர் போயிருச்சா? எப்ப போச்சு? சொல்லியிருக்கலாம்லா தம்பி. சரி, விடுங்க. கொஞ்சம் அந்த ஷட்டரை மேல தூக்குங்க. வேர்க்குது.

தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதான பாக்கணும்? ஊர் உலகத்துல உள்ள மொறைதானே? ரெண்டு வருசத்துக்கு முன்னால அவ மொதத் தடவை உண்டானப்போ, ஏழாம் மாசம் கூட்டிட்டு வந்துட்டேன். மாப்பிள்ளை சொன்னாரு, "மாமா, டாக்டரம்மா ஆஸ்பத்திரி இங்க டவுன் ஆர்ச்சுகிட்ட, நடந்து போற தூரம். ரத்த அழுத்தம் இருக்குங்காங்க. இங்கயே இருக்கட்டுமே, அத்தையும் வந்து இருக்கட்டும்." மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா மாப்பிள்ளைன்னேன். மறுத்துப் பேசல, நல்ல பிள்ளை. வந்த அன்னைக்கு ராத்திரி, மக நம்ம கூரைக்குக் கீழ வந்துட்டாங்கிற நெனப்புல நான் தூங்கினேன் பாருங்க, அப்படி ஒரு தூக்கம் வருசக்கணக்கா தூங்கினதில்ல.

எட்டாம் மாசம், காலையில கை கழுவப் போனவ உக்காந்துட்டா. ரத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணி, அவன் எங்க காட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு வரவே நேரம் ஆச்சு. ஏத்தினோம். டிரைவர் பையன், "டவுன் ஆஸ்பத்திரிதானே, பேட்டை வழியா நேராப் போயிருவேன்"னான். அன்னைக்கு ஆனித் தேர்.

தம்பி, நீங்களே சொல்லுங்க. தேர் அன்னைக்கு டவுனுக்குள்ள போலாமா? ரத வீதியில எவ்வளவு சனம் இருக்கும்னு எனக்குத் தெரியும். வீதி வீதியா எண்ணிப் போட்டவன் நான். அந்தப் பையன் சொன்னான், "ஆம்புலன்ஸுக்குன்னு போலீஸ் ஒரு வழி விட்டுருக்காங்க, வருசா வருசம் உள்ளதுதான், நான் போயிருக்கேன்"ன்னு. வேண்டாம்னேன். பத்தமடை வழியா முன்னீர்பள்ளம், மேலப்பாளையம், அங்க இருந்து பாளை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னேன். மனசுக்குள்ள கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். தூரம் கூட, ஆனா தடங்கல் இல்ல. கணக்குப்படி அதுதான் சீக்கிரம். எங்க வீட்டம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, "என்னங்க, டவுனுக்கே போவோம், டவுனுக்கே போவோம்"ங்கா. பொம்பளைக்கு என்ன தெரியும்? வடிவு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.

மேலப்பாளையத்துல ரயில் கேட்டு போட்டுட்டான். தேருக்கு விட்ட ஸ்பெஷலாம். அது ஒண்ணு போயி, எதுக்க இன்னொண்ணு. அது என் கணக்குல இல்லாதது. அதை நான் எப்படிப் போட முடியும்?

ஆம்பளைப் பிள்ளை. நல்ல நீளம். எங்கப்பா மாதிரி நெத்தி. மூச்சு இல்ல.

டவுன்ல அன்னைக்கு ஒண்ணும் நடக்கல. தேர் நல்லபடியா நிலைக்கு வந்துருச்சுன்னு சாயங்காலம் ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாங்க.

வடிவு கண்ணு முழிச்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "ஏம்ப்பா, நான் டவுன்லயே இருந்திருந்தா?" காத்து நல்லா இருக்குன்னுதானேட்டி கூட்டிட்டு வந்தேன்னேன். மொகத்தைச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அங்க இருந்தே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவதான். எங்க வீட்டம்மாவும் மகளைப் பாத்துக்கிடுதேன்னு கூடப் போனா. அவளும் திரும்பல. நான் ஒருத்தனாத்தான் பொங்கித் திங்கேன். பரவால்ல, பழகிருச்சு.

அனவரதம் சார் வந்தாரு. எப்படித் தெரிஞ்சுதோ. அந்த ஒடம்போட பஸ் மாறி, ரோட்டுல இருந்து நடந்து வந்திருக்காரு, வேட்டியெல்லாம் புழுதி. தள்ளாடித் தள்ளாடி வந்து நாற்காலியில உக்காந்தாரு. தண்ணி குடுத்தேன். வீட்டைச் சுத்திப் பாத்தாரு, மலையைப் பாத்தாரு. அங்க இருந்து டவுன் இருக்குற பக்கம் பாத்தாரு. ஒண்ணும் தெரியாது, வெறும் பொட்டல்தான். ஆனாலும் பாத்துக்கிட்டே இருந்தாரு. "இங்க வந்து ஏன்வே வீடு கட்டினீரு"ன்னாரு. காத்து நல்லா இருக்கும் சார்னேன். "மேக்க"ன்னாரு. ஆமா சார், மேக்கன்னேன்.

பொறவு, "நாம ரெண்டு தடவைதான் ஓட்டினோம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன் மந்திரம்"னாரு. ஆமா சார், ரெண்டு தடவைதான் ஓட்டினோம்னேன். அதுல என்ன சந்தேகம்? எனக்குத் தெரியாம அதை இன்னொருத்தன் ஓட்டவும் முடியாதே. அதுக்கு அவரு அழுதாரு தம்பி. சத்தம் போட்டு அழுதாரு. உலகம் பூரா மேடை ஏறிப் பேசின மனுசன், என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மன்னிச்சிரும்வே, மன்னிச்சிரும்வேங்காரு. வயசாயிட்டா அப்படித்தான், சும்மா சும்மா கண்ணு கலங்கும். நான்தான் தேத்தி பஸ் ஏத்தி விட்டேன். ஆனா மனசுல நெனைச்சுக்கிட்டேன், இப்பவாவது என் பேரைச் சொல்லலைன்னு வருத்தம் வந்துச்சேன்னு. அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டிருப்பாரு. வேற எதுக்குக் கேக்கணும்?

இது எந்த எடம்? அங்க தெரியுதே, தகரக் கூரை. அது ரைஸ் மில்லுதானே?

கண்டக்டர். கண்டக்டர். விலக்குல ஒரு ஆளு இறங்கணும்.

இல்ல தம்பி, ஒண்ணும் இல்ல. தலை சுத்துது. பித்தம். இந்த எடத்துக்கு வந்தா எனக்குப் பஸ்ஸு ஒத்துக்கிடாது, குடலைப் பெரட்டும். இந்த வளைகாப்புக்கு நாள் பாத்த அன்னைக்கும் இப்படித்தான் ஆச்சு. அதுக்கு முன்னால சார் காரியத்துக்குப் போனப்பவும். இறங்கி ஒரு டீ குடிச்சிட்டு, அடுத்த பஸ்ல வந்துருவேன். அவன் இளிக்கிறதைப் பாக்காதீங்க. நான் டவுனுக்குத்தான் டிக்கெட்டு எடுத்திருக்கேன், நீங்களே பாத்தீங்கல்லா? கையைப் பிடிக்காதீங்க தம்பி. விடுங்க, விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

இந்தப் பையைப் பிடிங்க. மேல ரத வீதி, பாத்திரக் கடை, வடிவுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. வளையலை அவங்க அம்மாகிட்டக் குடுங்க. வேப்பங்கொழுந்தை வடிவு கையிலேயே குடுக்கணும். நம்ம மரத்துலது, அப்பா ஒடிச்சதுன்னு சொல்லுங்க. அப்பா எங்கன்னு கேப்பா. வாசலையே பாத்துக்கிட்டுதான் இருப்பா. பின்னால பஸ்ல வாறாருன்னு சொல்லிருங்க.

ஒண்ணு தம்பி. குடுத்துட்டு அங்க ரொம்ப நேரம் நிக்காதீங்க. உடனே வெளிய வந்துருங்க.